மின்னலா, நியூட்ரலா? தொலைக்காட்சிப் பழுதுநீக்கம்: வாசகர் கேள்வி – பதில்

ஐப்பசி பிறந்ததும் மலைக்கு இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழை என்றும், அந்தப் பக்கம் துலாவர்ஷம் என்றும் அழைக்கப்படும் அதே மழை இடியோடு இறங்கும்போது, செங்கோட்டை முதல் களியக்காவிளை வரையுள்ள சர்வீஸ் கடைகளில் டிவிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்கின்றன. இம்முறை வந்த கடிதங்களும் பெரும்பாலும் அதைப் பற்றியவையே. ஆகவே முதல் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்குச் செல்கிறேன்.

கேள்வி: மழைக்காலத்தில் வாடிக்கையாளர்கள் எல்லா டிவிகளையும் "இடி வெட்டிப் போயிற்று" என்று சொல்லித்தான் கொண்டுவருகிறார்கள். சிலவற்றில் ஃபியூஸும் வேரிஸ்டரும் (அளவுக்கு மீறிய வோல்ட்டிலிருந்து காக்கும் சிறு பாகம்) மாற்றினால் சரியாகிவிடுகின்றன. சிலவற்றில் பவர் சப்ளை நன்றாக இருந்தும் டிவி ஆன் ஆவதில்லை. ஒரு வீட்டு டிவி ஒரே மாதத்தில் அதே பழுதோடு இரண்டாம் முறையும் வந்துவிட்டது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது? (சர்வீஸ் மெக்கானிக், களியக்காவிளை)

பதில்: பின்மூடியைக் கழற்றும் முன்பே வாடிக்கையாளரிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். டிவி போன நேரத்தில் பல்புகள் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தனவா, ஃபேன் வேகமெடுத்ததா? மொபைல் சார்ஜர், ஃபிரிட்ஜ் போன்ற வேறு பொருள்களும் சேர்ந்து போயினவா? குடை ஆன்டெனாவின் கேபிள் செட்டாப் பாக்ஸில் மாட்டியே இருந்ததா? இந்த விடைகளிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

பல்புகள் பளிச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் இடி அன்று, நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் பொதுக் கம்பி) கோளாறு. மழைக்காற்றில் தெருக்கம்பத்திலோ, மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டின் மீட்டர் பலகையிலோ பொது நியூட்ரல் அறுந்தாலும் தளர்ந்தாலும், இரண்டு ஃபேஸ்களுக்கு இடையிலான 400 வோல்ட் அவற்றில் உள்ள சுமைகளுக்கிடையே பங்கு பிரிந்துவிடும். சுமை குறைவாக உள்ள பக்கத்துக்கு வோல்ட் அதிகமாகப் போகும். 230 வோல்ட்டில் வேலை செய்யும் டிவியின் மெயின் ஃபில்டர் கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட் டிசி இருக்கும். உள்ளே வருவது 400 வோல்ட்டை நெருங்கினால் அது 560 வோல்ட்டைத் தாண்ட முயலும், 450 வோல்ட் கெப்பாசிட்டரால் தாங்க முடியாது. அப்போது வேரிஸ்டர் கருகி இரண்டாகப் பிளந்திருக்கும், ஃபியூஸின் கண்ணாடி உட்புறம் கறுத்திருக்கும், கெப்பாசிட்டரின் தலை உப்பியோ வெடித்தோ இருக்கும். ஆனால் மெயின் போர்டு பல நேரங்களில் பிழைத்திருக்கும். இரண்டாம் முறை திரும்பி வந்த உங்கள் டிவியும் இந்த வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். டிவியைச் சரிசெய்து கொடுத்தீர்கள், வீட்டின் நியூட்ரலைச் சரிசெய்ய யாரும் போகவில்லை. வாடிக்கையாளரை மின்வாரியத்திலும் நல்ல வயர்மேனிடமும் சொல்லச் செய்யுங்கள், அதுவரை டிவியை மாட்ட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

உண்மையான இடியின் தடம் வேறு. அது பெரும்பாலும் குடை ஆன்டெனா கேபிள் வழியாகச் செட்டாப் பாக்ஸுக்குள் புகுந்து, ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவியின் மெயின் போர்டை அடைகிறது. அதனால்தான் ஸ்டாண்ட்பை விளக்கு எரிகிறது, 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் சரியாக இருக்கின்றன, டிவி மட்டும் எழுவதில்லை. அல்லது எழுந்தாலும் ஒரு ஹெச்டிஎம்ஐ போர்ட் ஊமையாகிவிடுகிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைக் கிரவுண்டிலும் கறுப்பு முனையை ஹெச்டிஎம்ஐ பின்களிலும் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். டேட்டா பின்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு அருகில் நின்றாலோ, பக்கத்துப் போர்ட்டின் அதே பின்னோடு ஒத்துப்போகாவிட்டாலோ இடி நுழைந்த வாசல் அதுதான். அந்த நிலையில் பவர் சப்ளையைக் கிளறுவது வீண் உழைப்பு.

பவர் சப்ளை பழுதுதான் என்று உறுதியானபின் ஃபியூஸை மாற்றியவுடன் நேராக லைனில் செருகாதீர்கள். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில் போட்டுக் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் முதன்மைப் பக்கம் (வீட்டு மின்சாரம் நேராக வரும் பகுதி) நலமாக இருக்கிறது. முழு வெளிச்சத்தோடு நின்றால் பிரிட்ஜ் டயோடோ, சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட்டோ ஷார்ட். மாஸ்ஃபெட்டை மாற்றும்போது அதன் சோர்ஸ் காலில் உள்ள சிறு மதிப்பு ரெசிஸ்டரையும் கேட் ரெசிஸ்டரையும் டிரைவர் ஐசியையும் சேர்த்துப் பார்க்காவிட்டால், புதியது சுவிட்ச் போட்ட அதே நொடியில் போய்விடும். முதன்மைப் பக்கத்தில் அளக்கும்போது மீட்டரின் கறுப்பு முனை மெயின் கெப்பாசிட்டரின் நெகட்டிவ் காலில்தான் இருக்க வேண்டும், டிவியின் தகட்டில் அன்று. அந்தக் கெப்பாசிட்டரை ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து இறக்கும் பழக்கத்தை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். 2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இரண்டு காப்பிட்ட ஒயர்களில் பற்றவைத்து மேசையில் வைத்துக்கொண்டால் சில நொடிகளில் இறங்கிவிடும். இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பி சுற்றி அனுப்பிய டிவிகள் இப்போதும் என் மேசைக்கு வருகின்றன. அந்த வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள் என்பதை நினைத்தாலே மனம் பதறுகிறது.

கேள்வி: 32 அங்குல எல்இடி டிவியில் ஒலி வருகிறது, திரை ஒரு நொடி வெளிச்சம் காட்டிவிட்டு இருண்டுவிடுகிறது. ஸ்ட்ரிப்பில் (திரைக்குப் பின்னால் எல்இடிகள் பதித்த பட்டை) கெட்டுப்போன ஓர் எல்இடியை மட்டும் ஷார்ட் செய்து கொடுத்தேன். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. (கொழிஞ்சாம்பாறை)

பதில்: அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைத் திரையின்மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். படம் மங்கலாக அசைவது தெரிந்தால் பேனலும் மெயின் போர்டும் நன்றாகவே இருக்கின்றன, பேக்லைட் மட்டுமே பழுது. ஒரு நொடி எரிந்து அணைவதற்குக் காரணம், வரிசையில் எங்கோ கோளாறு என்று கண்டவுடன் டிரைவர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்வதுதான். 18 எல்இடிகள் ஒரே வரிசையில் இருந்து, ஒவ்வொன்றும் 3 வோல்ட் வகையானால் 54 வோல்ட்டும், 6 வோல்ட் வகையானால் 108 வோல்ட்டும் வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் கடையில் கிடைத்த ஸ்ட்ரிப்பை வாங்கிப் போடுவதால்தான் பல வேலைகள் திரும்பி வருகின்றன.

லென்ஸை நீக்கி எல்இடியை உற்றுப் பாருங்கள். நல்லது ஒரே சீரான மஞ்சள் நிறத்தில் இருக்கும்; சாகப்போவதன் மஞ்சள் நடுவில் ஊசிமுனை அளவு கரும்புள்ளி விழுந்திருக்கும். ஒன்றில் அந்தப் புள்ளி இருந்தால், அதே நாள் முதல் அதே வெப்பத்தில் எரிந்த மற்றவையும் நெடுநாள் நிற்கப் போவதில்லை. ஆகவே ஒன்றை ஷார்ட் செய்து மற்றவற்றை ஓடவிடுவது பழுதுநீக்கம் ஆகாது. முழு செட்டையும் மாற்றுவதே முறை. மாற்றிய பிறகு மின்னோட்டத்தையும் சற்றுக் குறைத்துவிடுங்கள். டிரைவர் பகுதியில் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் ரெசிஸ்டர்கள் சம மதிப்பில் நான்கு இணையாக இருந்தால், ஒன்றை எடுத்துவிட்டால் மின்னோட்டம் கால் பங்கு குறையும். பார்ப்பவர் கண்ணுக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது, எல்இடியின் ஆயுளோ நன்றாகவே நீளும்.

பேனல் கண்ணாடியைத் தூக்கும்போது எப்போதும் இருவர் இருங்கள். அதன் விளிம்பில் தொங்கும் ஃபிலிம் ஒட்டுகள் ஒருமுறை இழுபட்டால் திரையில் கோடு விழும், அதன்பிறகு வாடிக்கையாளருக்கு நீங்கள் சொல்லக்கூடிய பதில் எதுவும் இருக்காது. உள்ளிருக்கும் தாள்களை எடுத்த வரிசையிலேயே, மேல் கீழ் மாறாமல், செல்போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு திரும்பப் போடுங்கள்.

கேள்வி: எஸ்டேட் லயத்தில் உள்ள ஒரு வீட்டில் மார்கழிக் குளிரில் காலை நேரத்தில் டிவி ஆன் ஆவதில்லை, ஸ்டாண்ட்பை விளக்கு மட்டும் மின்னுகிறது. 20 நிமிடம் சுவிட்ச் போட்டு வைத்தால் தானாக ஓடுகிறது. கடைக்குக் கொண்டுவந்தால் பழுதே தெரிவதில்லை. (மூணாறு)

பதில்: உங்கள் கடையில் அடுப்போ கூட்டமோ இருந்து சூடாக இருந்தால் பழுது தெரியாமல்தான் போகும். வற்றத் தொடங்கிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் உள்தடை குளிரில் கூடும், வெப்பத்தில் குறையும். டிவியை இரவு முழுவதும் வெளித்திண்ணையில் வைத்து, விடிந்ததும் அங்கேயே திறந்து, ஹேர் டிரையரால் பவர் சப்ளையின் இரண்டாம் பக்கத்து (5, 12 வோல்ட் போன்ற குறைந்த வோல்ட் கொடுக்கும் பகுதி) கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக இலேசாகச் சூடாக்கிப் பாருங்கள். எதைச் சூடாக்கியதும் டிவி எழுகிறதோ அதுவே குற்றவாளி. தலை உப்பாத கெப்பாசிட்டரும் கெட்டிருக்கலாம் என்பதால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். மாற்றுவது 105 டிகிரி வகையாகவும், உள்தடை குறைந்ததாகவும், வோல்ட் அளவு பழையதற்குக் குறையாததாகவும் இருக்கட்டும். ஈரத்தில் பச்சை பூத்த இணைப்புகள் இருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தூரிகை தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்த பின்னரே மின்சாரம் கொடுங்கள்.

கேள்வி: ஹோம் தியேட்டரில் கேபிள் செட்டாப் பாக்ஸை இணைத்தால் மட்டும் "ம்ம்ம்" என்ற இரைச்சல் வருகிறது. பெரியவர் ஒருவர் ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்கிறார். செய்யலாமா? (கம்பம்)

பதில்: செய்யவே கூடாது. அந்தப் பின் உயிர்காப்பது. உள்ளே ஒரு ஒயர் நழுவித் தகட்டில் பட்டால், தகட்டைத் தொடுபவரின் உடல்தான் எர்த் ஆகும். இரைச்சலின் காரணம், கேபிளின் உறை ஓர் இடத்திலும் ஆம்ப்ளிஃபையர் வேறோர் இடத்திலும் எர்த் ஆகி, இரண்டுக்கும் இடையிலான சிறு வோல்ட் வேறுபாடு ஆடியோ ஒயர் வழியாக ஓடுவதுதான். சுவரிலிருந்து வரும் கேபிளை மட்டும் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். இரைச்சல் உடனே நின்றால் இதுவே காரணம் என்பது உறுதி. பெட்டியில் ஆப்டிகல் அவுட் இருந்தால் ஒலியை அதன் வழியாக எடுத்துவிடுங்கள். அதில் செல்வது வெறும் ஒளி என்பதால் மின்தொடர்பே அறுந்துவிடும். இல்லையெனில் கேபிள் வரும் வழியில், எர்த் தொடர்பைப் பிரிக்கும் ஐசொலேட்டர் ஒன்றைப் போடுங்கள், செலவு அதிகமில்லை.

இதே கடிதத்தில் திடீரென "புரொடெக்ட்" என்று காட்டி நிற்பதையும் கேட்டிருக்கிறீர்கள். எல்லா ஸ்பீக்கர் ஒயர்களையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். ஓடினால் ஒயர் முனையில் ஓர் இழை பக்கத்து முனையைத் தொடுகிறது, அல்லது ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் போய்விட்டது; அப்போதும் நின்றால் அவுட்புட் பகுதியைத் திறக்க வேண்டும்.

கேள்வி: புதிய டிவியின் ஏஆர்சி போர்ட்டிலிருந்து (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் ஹெச்டிஎம்ஐ போர்ட்) பழைய ஹோம் தியேட்டருக்குக் கொடுத்தோம். சேனல்களில் ஒலி வருகிறது, ஆப்களில் சில படங்களுக்கு மட்டும் வருவதில்லை. (பாறசாலை)

பதில்: கேபிளும் போர்ட்டும் நன்றாகவே இருக்கின்றன. ஆப்கள் சில படங்களுக்கு அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் ஒலியை உங்கள் பழைய கருவியால் பிரித்தெடுக்க முடியவில்லை. டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்தில் "ஆட்டோ" அல்லது "பாஸ் த்ரூ" என்று இருப்பதை பிசிஎம் (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) என்று மாற்றுங்கள். ஒலி இரண்டு சேனலாகச் சுருங்கும், ஆனால் எல்லாப் படங்களுக்கும் வரும். ஐந்து ஸ்பீக்கர்களிலும் பிரிந்து கேட்க வேண்டுமென்றால், டிவியில் அந்த வசதி இருக்கும்பட்சத்தில், பிசிஎம்முக்குப் பதிலாக டால்பி டிஜிட்டல் என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.