பன்னிரண்டாவது அசை எங்கே?

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

'ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்' (antidisestablishmentarianism) என்ற ஆங்கிலச் சொல்லை என் மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். உயிரெழுத்துகளை எண்ணினால் 11 வருகிறது. அகராதி 12 அசை (சிலபிள்) என்கிறது. 'எஸ்டாப்ளிஷ்' என்பதில் 'டாப்' மீது விழும் அழுத்தம் இந்த நீண்ட சொல்லில் இடம் மாறுவது ஏன்?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மகள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள். 28 எழுத்துகளில் உயிர் 11தான். பன்னிரண்டாவது அசை, கடைசி 'எஸ்', 'எம்' இரண்டுக்கும் நடுவே ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அங்கே உயிரெழுத்து எழுதுவதில்லை. சொல்லும்போது மெலிதாக ஒலிக்கிறது. தமிழில் 'இசம்' என்று எழுதும்போது சகரத்தில் ஏறும் அகரம் அதைக் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. (யாப்பின் அசையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'மலர்' யாப்பில் ஒரே நிரையசை. இந்தக் கணக்கில் இரண்டு.)

அழுத்தம் மாறுவதற்கான காரணம், சொல் வளர்ந்த வரிசையில் இருக்கிறது. 'எஸ்டாப்ளிஷ்' என்ற வினைக்கு முன்னால் 'டிஸ்' வந்து பொருளைப் புரட்டுகிறது. பின்னால் 'மென்ட்' சேர்ந்து அது பெயராகிறது. அதுவரை அழுத்தம் 'டாப்' மீதே நிற்கிறது. 'ஏரியன்' ஒட்டியதும் தன் முதல் அசைக்கு அழுத்தத்தை இழுத்துக்கொள்கிறது: மென்-டே-ரி-யன். பிறகு 'இசம்' வந்தாலும் 'ஆன்டி' வந்தாலும் அது நகர்வதில்லை. சில விகுதிகள் அழுத்தத்தைத் தொடுவதில்லை, சில இழுக்கின்றன. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் இருக்கும் அழுத்தம் 'ஃபோட்டோகிராஃபி' என்றதும் இரண்டாவதற்குப் போகிறது. அழுத்தம் இழந்த முதல் உயிர், நம் குற்றியலுகரம் போலக் குறுகிவிடுகிறது. இந்தக் குறுக்கத்தைக் கேட்கப் பழகாமல் எல்லா உயிரையும் முழுதாக ஒலிப்பதால்தான் நம் ஆங்கிலம் பலருக்குப் புரியாமல் போகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

பொருளையும் அவளுக்குச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் திருச்சபை அரசு ஏற்ற திருச்சபை. அந்தத் தகுதியை நீக்குவதை எதிர்ப்பவர்களின் கொள்கைக்கே இந்தப் பெயர். அயர்லாந்தில் 1871இலும் வேல்ஸில் 1920இலும் அந்தப் பிணைப்பு அறுந்தது. இங்கிலாந்தில் இன்றும் நீடிக்கிறது.

12 துண்டுகளாக வெட்டி மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். 'எஸ்டாப்ளிஷ்' என்று தொடங்கி, ஒவ்வொரு ஒட்டாகச் சேர்த்து உரக்கச் சொல்லட்டும். 'ஏரியன்' வரும்போது குரல் எங்கே ஏறுகிறது என்று அவளையே கேளுங்கள்.