14 வயது மகளின் உடற்திணிவுச் சுட்டி 18.2: கவலைப்பட வேண்டுமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: 14 வயது மகள் 152 சென்ரிமீற்றர் உயரம், 42 கிலோ நிறை; கைத்தொலைபேசிச் செயலி 'நிறை குறைவு' என்கிறது, பிள்ளை கண்ணாடி முன் நிற்கவே கூசுகிறாள்.

நிறையை, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 18.2 வருகிறது; இதுவே உடற்திணிவுச் சுட்டி (BMI). வளர்ந்தோருக்குரிய 18.5 என்ற எல்லையை வைத்தே அந்தச் செயலி அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். பருவ வயதில் உயரமும் நிறையும் ஒரே சீராகக் கூடுவதில்லை என்பதால், 19 வயது வரை, வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு வளர்ச்சி வரைபடத்தையே பார்க்க வேண்டும்; அதன்படி இந்த வயதுப் பெண் பிள்ளைக்கு மெலிவு என்பது ஏறத்தாழ 15.4க்குக் கீழேதான். உங்கள் மகளின் அளவு இயல்பானது. தசையையும் கொழுப்பையும் இச்சுட்டி பிரித்தறியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

என் கவலை வேறு. கோயில் திருவிழாவில் "என்ன பிள்ளை, எலும்பும் தோலுமாய் நிக்கிறாய்" என்று மாமி அன்போடு கேட்பதுகூட, இந்த வயதில் நாட்கணக்காக நெஞ்சில் தைத்திருக்கும். ஆகவே அவளுடைய நிறையைப் பற்றி மற்றவர் முன் பேச இடங்கொடாதீர்கள். அவள் சாப்பாட்டைத் தவிர்க்கத் தொடங்கினாலோ, மாதவிடாய் நின்றாலோ, நிறை தொடர்ந்து இறங்கினாலோ, தாமதிக்காமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.