பழைய திறந்த காரின் உதறல்: பிரேஸ் வாங்குவதற்கு முன்

கேள்வி: 1992 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் போன வருடம் வாங்கினேன். பள்ளத்தில் இறங்கினால் டாஷ்போர்டு நடுங்குகிறது, உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிகிறது. பாடியை இறுக்குவதற்கென்று ஸ்ட்ரட் பார் (பானெட்டுக்குள் இரு பக்கச் சஸ்பென்ஷனின் மேல்முனைகளை இணைக்கும் கம்பி), பட்டர்ஃபிளை பிரேஸ் (தரைக்கு அடியில் மாட்டும் குறுக்குச் சட்டம்), ரோல் பார் (சீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவு) என்று ஏதேதோ விற்கிறார்கள். எதை முதலில் வாங்கலாம்? (வாசகர், லெஸ்டர்)

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். இந்த மாதம் செலவழிக்க வேண்டியது ஒரு டார்ச் லைட்டும் ஒரு சனிக்கிழமைக் காலையும்தான்.

முதலில், ஏன் உதறுகிறது என்று பார்ப்போம். தீபாவளிக்கு வரும் இனிப்புப் பெட்டியை மூடியோடு பிடித்து முறுக்கிப் பாருங்கள், அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் இரண்டு பக்கமும் கோணிக்கொள்ளும். உங்கள் கார் மூடி இல்லாத பெட்டி. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் இதை அறிமுகப்படுத்தியபோது எல்லோரும் பழைய லோட்டஸ் எலானோடு ஒப்பிட்டார்கள். ஆனால் எலானுக்குப் பாடிக்குக் கீழே முதுகெலும்பு மாதிரி தனியாக ஒரு இரும்புச் சேசிஸ் உண்டு. இதற்கு அப்படி எதுவும் கிடையாது, பாடியேதான் சேசிஸ். அடியில் படுத்துப் பார்த்தால் கியர்பாக்ஸிலிருந்து டிஃபரென்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வரை நீளமாக ஒரு அலுமினியச் சட்டம் தெரியும். அதைச் சேசிஸ் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த இரண்டையும் ஒன்றோடொன்று பிடித்து வைப்பதுதான் அதன் வேலை.

கூரை இல்லாததால் முறுக்கத்தைத் தாங்கும் பொறுப்பில் பெரும்பங்கு, கதவுகளுக்குக் கீழே இரு பக்கமும் ஓடும் பெட்டி மாதிரியான பகுதிக்கு, அதாவது சில்லுக்கு, வந்து சேர்கிறது. வில்லங்கமும் அங்கேதான். துணிக்கூரையில் விழும் மழைநீர் வடிவதற்குக் கதவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் துளைகள் உண்டு. இலையும் அழுக்கும் அவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் சில்லுக்குள் போய்த் தேங்கும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், சில்லின் கடைசிப் பகுதி உள்ளிருந்தே அரித்துப்போகும். வெளியில் பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

அதனால் அந்த இடத்தைக் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் கீழே பட்டி (துருவை மறைக்கப் பூசும் பசை) போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். விரலால் தட்டினால் சத்தமும் மாறும். அப்புறம் கதவைச் சாத்தி அதன் இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டு, முன் சப்ஃப்ரேமில் (சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டம்) ஜாக் வைத்து ஒரு பக்கத்தை மட்டும் தூக்குங்கள். இடைவெளி மயிரிழை மாறுவது நல்ல காரிலும் உண்டு. கதவு இடித்துக்கொண்டு திறக்க மறுத்தால் சில் பலமிழந்துவிட்டது. அதன்மேல் பிரேஸ் மாட்டுவது புண்ணுக்குப் புனுகு பூசுகிற வேலை. சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பொருத்தியிருக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் பலத்தைக் கெடுக்கும் அளவுக்குத் துரு இருந்தால் பிரிட்டனின் வருடாந்திர வாகனச் சோதனையான எம்.ஓ.டி.யிலும் தேறாது. அரசு இணையதளத்தில் வண்டியின் பழைய எம்.ஓ.டி. முடிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். ‘துரு ஆரம்பித்திருக்கிறது’ என்று எந்த வருடம் எழுதினார்கள், அடுத்த வருடம் அது எப்படிக் காணாமல் போனது என்று படித்துப் பாருங்கள். வண்டியின் ஜாதகமே கிடைத்துவிடும்.

சில் நன்றாக இருந்தால், அடுத்தது டயர். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பத்து வருடம் தாண்டிய டயர் கல் மாதிரி இறுகியிருக்கும். இந்தக் காருக்கு முதலில் வந்தது 14 அங்குலச் சக்கரம், 185/60 டயர். முன்பு வைத்திருந்தவர் அழகுக்காக 17 அங்குலம் மாட்டியிருந்தால் உங்கள் நடுக்கத்தில் பாதி அதிலிருந்தே வரலாம். சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் முப்பது வருட ரப்பர் புஷ்களும் தேய்ந்த ஷாக் அப்சார்பர்களும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். என் பழைய திறந்த காருக்கு ஒரு கராஜில் ஆசையாக ஸ்ட்ரட் பார் மாட்டினேன். பானெட்டைத் திறந்தால் பார்க்க அருமையாக இருந்தது, கண்ணாடி மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில் டயரை மாற்றி வீல் பேலன்ஸ் செய்த அன்றுதான் நின்றது.

இவ்வளவும் சரி, இன்னும் இறுக்கம் வேண்டும் என்றால் தரைக்குக் கீழிருந்து தொடங்குங்கள். தரையின் அடியில் இரண்டு மெல்லிய தகட்டு ரெயில்கள் ஓடும். பல வண்டிகளில் யாரோ அவற்றில் ஜாக் வைத்து நசுக்கியிருப்பார்கள். அவற்றின்மேல் கனமான உறை போட்டுத் தரையோடு போல்ட் செய்து, இரண்டையும் பட்டர்ஃபிளை பிரேஸால் குறுக்கே இணைத்தால் வித்தியாசம் தெரியும். பிறகு வந்த 1.8 லிட்டர் மாடலில் சீட்டுக்குப் பின்னால் சீட் பெல்ட் தூண்கள் இரண்டையும் கம்பெனியே ஒரு பாரால் இணைத்திருக்கிறது. பழைய உதிரிபாகக் கடையில் அது கிடைத்தால் விடாதீர்கள். ரோல் பார் பின்பகுதியை இறுக்கும், கவிழ்ந்தால் தலையையும் காக்கும். ஆனால் தலைக்குப் பக்கத்தில் வெறும் இரும்பு இருக்கக் கூடாது, மெத்தை உறை கட்டாயம். ஸ்ட்ரட் பார் கடைசியில்தான். நான்கு சக்கரத்திலும் இரட்டை விஷ்போன் (மேலொன்று கீழொன்றாகச் சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு கைகள்) உள்ள இந்தக் காரில் சஸ்பென்ஷன் விசையில் பெரும்பகுதி சப்ஃப்ரேம் வழியாகவே போகிறது.

கேள்வி: பிரேஸை வெல்டிங் செய்தால்தான் பலம், போல்ட் வீண் என்கிறார் எனக்குத் தெரிந்த டிங்கர். உண்மையா? (வாசகர், ஹாரோ)

பதில்: ரேஸ் ஓட்டுவதென்றால் அவர் சொல்வது சரி. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போய்வர போல்ட் போதும். விற்கும்போது கழற்றி எடுத்துவிடலாம், அசல் நிலையில் உள்ள வண்டிக்கு விலையும் கூடுதல்.

சில்லையே மாற்ற வேண்டியிருந்தால் வெல்டிங்கைத் தவிர வழியில்லை. அப்போது அவரிடம் ஒன்று கேளுங்கள்: “வண்டியை லிஃப்டில் தொங்கவிட்டா வெட்டுவீர்கள்?” ஆமாம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். இரண்டு முனையும் தொங்கும் நிலையில் வெல்டு செய்தால் அந்த வளைவு அப்படியே நிலைத்துவிடும், பிறகு கதவு சேராது. வண்டி சமதளத்தில், எடை சக்கரங்களில் இருக்கும்படி நிற்க வேண்டும். வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே தற்காலிகக் கம்பி கொடுத்திருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள், இந்தக் காரில் அது டிக்கியில் இருக்கிறது. வேலை முடிந்ததும் சில்லுக்குள் துருத்தடுப்பு மெழுகு அடிக்க வேண்டும், சூட்டில் உள்பெயின்ட் எரிந்துபோயிருக்கும். பிரேஸோ ரோல் பாரோ எது மாட்டினாலும் இன்சூரன்ஸ்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: ‘சில் இரண்டும் புதிது’ என்று விளம்பரம் செய்த வியாபாரியிடம் நேரில் போய்க் காரை வாங்கி மூன்று வாரம் ஆகிறது. பிரேஸ் மாட்டக் கொடுத்த இடத்தில், உள்ளே எல்லாம் பட்டி என்கிறார்கள். ரசீதில் ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதியிருக்கிறது. (வாசகர், குரோய்டன்)

பதில்: அந்த வரிக்குப் பயப்பட வேண்டாம். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரி விற்ற பொருள் அவர் சொன்ன விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். ரசீதில் எதை எழுதியும் அந்த உரிமையைப் பறிக்க முடியாது. முப்பது வருடக் காரில் கீறலும் சத்தமும் இருக்கும்தான், அதற்காகத் திருப்பிக் கொடுக்க முடியாது. ‘புதிய சில்’ என்ற வாக்கு வேறு விஷயம்.

வண்டி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதைத் தாண்டினால், முதலில் பழுது பார்க்க அவருக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டியிருக்கும். விளம்பரத்தின் படத்தை இப்போதே சேமித்து வையுங்கள், அவர்கள் எடுத்துவிடுவார்கள். பட்டியைச் சுரண்டவோ வெல்டு செய்யவோ விடாமல், வேறொரு கராஜில் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், வண்டியின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருக்கும்பட்சத்தில், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி வங்கியையும் பொறுப்பாக்கலாம். மூன்று வாரம் போய்விட்டது என்கிறீர்கள். அறிக்கைக்காகக் காத்திருக்காமல், வண்டியை ஏற்கவில்லை என்ற மின்னஞ்சலை இன்றே அனுப்பிவிடுங்கள்.