அன்டார்க்டிகாவில் பெயர் வைப்பது யார்?

கேள்வி: தென்துருவச் சிகரங்களுக்கும் பனியாறுகளுக்கும் பெயர் சூட்டும் அதிகாரம் யாருக்கு?

பதில்: தனி ஒருவருக்கு இல்லை. அந்தக் கண்டம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்பதால், பிரிட்டன், அமெரிக்கா, பல்கேரியா போன்ற நாடுகள் தங்கள் பெயர்க்குழுக்கள் வழியே சூட்டுகின்றன. முன்மொழிபவர் அட்சரேகை, தீர்க்கரேகை, நில அமைப்பின் வகை, பெயருக்கான காரணம் ஆகியவற்றைத் தர வேண்டும். அமெரிக்கக் குழு வணிகப் பொருள்கள், பனிச்சறுக்கு வண்டி நாய்கள் ஆகியவற்றின் பெயர்களை ஏற்பதே இல்லை. மிகச் சரியான விதி.

பிரிட்டிஷ் குழுவுக்குத் தொகுப்பாகப் பெயரிடும் வழக்கமும் உண்டு. அலெக்சாண்டர் தீவில் மொசார்ட், பீத்தோவன், பாக் எனப் பல இசைமேதைகளைக் காணலாம்!

சிக்கல், ஒரே இடத்துக்குப் பல பெயர்கள் விழுவதுதான். இன்றைய அன்டார்க்டிகத் தீபகற்பத்தைப் பிரிட்டன் கிரகாம் லேண்ட் என்றது, அமெரிக்கா பால்மர் தீபகற்பம் என்றது. 1964-இல்தான் இரண்டும் பொதுப்பெயருக்கு இணங்கின. அர்ஜென்டினாவும் சிலியும் இன்னும் வேறு பெயர்களையே வழங்குகின்றன. கப்பலிலிருந்து தொலைவில் பார்த்துக் குறித்த பழைய வரைபடங்களில் இடப்பிழைகளும் மிகுதி. எனவே புதுப்பெயர் முன்மொழியுமுன், எல்லா நாட்டுப் பெயர்களையும் திரட்டும் ஸ்கார் (SCAR) என்ற பன்னாட்டு அன்டார்க்டிக ஆய்வு அமைப்பின் பட்டியலில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தேடிப் பார்ப்பது அவசியம்.