பழைய சீட்டில் 'பெஸ்டிஸ் மைனர்': இப்போது பயப்பட வேண்டுமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 1898 கடைசியில் கொள்ளுத்தாத்தாவுக்குக் கொடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டில் 'பெஸ்டிஸ் மைனர்' (லேசான பிளேக்) என்று இருக்கிறதாம், ஆனால் அவர் பிழைத்து நெடுநாள் வாழ்ந்திருக்கிறார். அது நிஜமாகவே பிளேக்தானா, பத்து வயது மகனுக்கு இப்போது தொடை இடுக்கில் நெறி கட்டியிருப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்கிறார்.

மகனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பந்தமே இல்லை. பிளேக் ஒரு பாக்டீரியாவால் வருவது, பரம்பரையாக இறங்காது. பிள்ளையின் காலில் புண், சிராய்ப்பு, சேற்றுப்புண் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் அந்தச் சீட்டு. நெறி கட்டி, காய்ச்சல் லேசாக அடித்து, ஆள் படுக்காமலே ஓரிரு வாரத்தில் கட்டி வற்றியோ உடைந்தோ ஆறிவிட்டால் அதை அந்தக் கால மருத்துவர்கள் பெஸ்டிஸ் மைனர் என்றார்கள். நோயோடு நடமாடுவதால் 'பெஸ்டிஸ் ஆம்புலன்ஸ்' என்றும் பெயர் உண்டு. கடுமையான வகை பெஸ்டிஸ் மேஜர். கிருமி வேறு வேறு அல்ல, உடம்பு தாங்கிய அளவுதான் வேறு. பிளேக்கின் பெரிய அலைக்கு முன்னும் பின்னும் இப்படி லேசான நோயாளிகள் தென்பட்டதாக அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் சீட்டை மட்டும் வைத்து அவருக்கு வந்தது பிளேக்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். 1894-லேயே ஹாங்காங்கில் யெர்சின் என்ற மருத்துவர் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்திருந்தாலும், பல இடங்களில் கையால் தடவிப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். ரயில் நிலையங்களில் பயணிகளின் அக்குளையும் தொடை இடுக்கையும் சோதித்த காலம் அது, வெறுங்காலோடு உழைத்தவர்களுக்குச் சாதாரண நெறியே அடிக்கடி கட்டும். எது எது என்று பிரிப்பது எவ்வளவு கஷ்டம், யோசித்துப் பாருங்கள்.

லேசான வகை இருந்தது என்பதற்காக இன்று யாரும் காத்திருக்கக் கூடாது. சிகிச்சை இல்லாவிட்டால் நெறிகட்டும் பிளேக்கில் 30 முதல் 60 சதவீதம் பேர் வரை இறக்கலாம், சீக்கிரம் ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். திடீரென்று கடும் காய்ச்சல், தொடவே முடியாத வலியோடு கட்டி, பக்கத்தில் எலிகள் செத்துக் கிடப்பது, இவையெல்லாம் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. உங்கள் மகனுக்கு அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள், கட்டியை அமுக்கவோ கீறவோ வேண்டாம். புண் ஆறிய பிறகும் இரண்டு மூன்று வாரத்தில் அது குறையவில்லை, அல்லது வலியில்லாமல் கெட்டியாகப் பெருக்கிறது என்றால் காசநோய் உட்பட வேறு காரணங்களைத் தேட வேண்டியிருக்கும், அப்போது திரும்பப் போகத் தயங்காதீர்கள்.