2048-இல் கடலில் மீன் இருக்குமா?

அன்புள்ள சார்,

இராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோர ஊர் ஒன்றின் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் கடல் தொழிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். வாசிப்புப் பயிற்சிக்காக, மீன்வளம் குறைந்துவருவதைப் பற்றிய ஒரு கட்டுரையைக் கொடுத்தேன். அதில் ‘இப்படியே போனால் 2048-க்குள் கடலில் மீனே இருக்காது’ என்று ஒரு வரி. சிலர் அதையே சார்ட்டில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். விசைப்படகு வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, “இதை எவன் டீச்சர் எண்ணிப் பார்த்தான்?” என்றான். வகுப்பே சிரித்தது. அதட்டி உட்கார வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி உறுத்துகிறது. வரிக்கு வரி இப்படிக் குடைந்து வாசிக்கச் சொல்லிக்கொடுத்தால், கடலைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் நீர்த்துப்போகாதா? கேள்வியே கேட்காமல் வாசிப்பது மட்டும் வாசிப்பா? இந்தப் பாடத்தை எப்படி எடுப்பது என்று எழுதுவீர்களா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

அடுத்த வகுப்பில் அந்தப் பையனை எழுப்பி, அதே கேள்வியை இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள். குறும்புக்குத்தான் கேட்டிருப்பான், இருக்கட்டும். ஒரு பீரியட் முழுக்க அந்த ஒரு கேள்விக்கே கொடுக்கலாம். கட்டுரையின் மற்ற பத்திகள் எங்கேயும் ஓடிப்போகாது.

எவன் எண்ணினான் என்பதற்குப் பதில் இருக்கிறது. 2006 நவம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போரிஸ் வோர்ம் அதன் முதன்மை ஆசிரியர். கடலில் உயிரின வகைகள் குறையக் குறைய, கடலால் மனிதருக்குக் கிடைப்பதும் குறைகிறது என்பதுதான் அந்தக் கட்டுரையின் முக்கியப் பேச்சு. அதில் ஓரிடத்தில், உலகம் முழுக்கப் பிடிக்கப்படும் மீனினங்களில் 29 சதவீதம் 2003-க்குள் வீழ்ந்துவிட்டதாகக் கணக்கிட்டு, அதே போக்கை முன்னால் நீட்டினால் 2048-இல் அது நூறு சதவீதத்தைத் தொடும் என்று சொல்லியிருந்தார்கள். பத்திரிகைகள் அந்த ஓர் ஆண்டை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடின. பல கை மாறி உங்கள் வகுப்புச் சுவருக்கு வந்து சேர்ந்திருப்பது அதுதான்.

சரி, ‘வீழ்ந்தது’ என்று எதை வைத்துச் சொன்னார்கள்? ஓர் இனத்தின் ஒரு வருடப் பிடிப்பு, அதுவரை பதிவான அதிகபட்சப் பிடிப்பில் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் அது வீழ்ந்த இனம். இவ்வளவுதான் அளவுகோல். இங்கே பிள்ளைகளை நிறுத்துங்கள். கடலுக்குள் இருக்கும் மீனையா எண்ணியிருக்கிறார்கள், கரைக்கு வந்த மீனையா? உங்கள் வகுப்பில் இதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மே மாதத்தில் வந்து விசைப்படகுகள் எத்தனை டன் இறக்கின என்று எண்ணினால் பூஜ்ஜியம்தான் வரும். அதைப் பார்த்துவிட்டுக் கடல் காலி என்று ஒருவர் எழுதினால் உங்கள் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? விலை இல்லாவிட்டாலும் பிடிப்பு குறையும், டீசல் ஏறினாலும் குறையும், அரசு தடுத்தாலும் குறையும். மீன் இல்லாமல் போனாலும் குறையும். கட்டுரையாளர் இவற்றில் எதைச் சொல்கிறார், அதற்கு என்ன ஆதாரம் காட்டுகிறார் என்று தேட வைப்பதுதான் நீங்கள் கேட்ட வாசிப்பு.

அடுத்த வகுப்புக்கு மத்தி மீனை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் 2012-இல் சுமார் 3.9 லட்சம் டன் மத்தி கரைக்கு வந்தது. 2021-இல் வந்தது சுமார் 3,300 டன். கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது. இரண்டையும் கரும்பலகையில் எழுதி, அந்தப் பத்து சதவீத அளவுகோலைப் பிள்ளைகளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சதவீதம்கூட வராது. வீழ்ந்த இனம்தான், சந்தேகமே இல்லை. அப்புறம் 2023-ஐ எழுதுங்கள்: சுமார் 1.38 லட்சம் டன். இப்போது 35 சதவீதம். இரண்டே வருடத்தில் ‘வீழ்ச்சி’யிலிருந்து எழுந்துவிட்டது. மத்தி சில வருடங்களே வாழும் மீன், சீக்கிரம் பெருகும். கடல் சூடு, பருவமழை, அது தின்னும் மிதவை நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்து அதை ஏற்றி இறக்கும். குஞ்சு மத்தியை வாரி எடுப்பதும் ஒரு காரணம். அதனால்தான் பத்து செண்டிமீட்டருக்குக் கீழே உள்ள மத்தியைப் பிடிக்கக்கூடாது என்று கேரளத்தில் விதியே இருக்கிறது. 2021-இல் எழுதப்பட்ட கட்டுரையையும் 2023-இல் எழுதப்பட்ட கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கிற பிள்ளை, கட்டுரை எந்த வருடம் எழுதப்பட்டது என்பதை இனி எப்போதும் முதலில் பார்க்கும்.

வோர்மின் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு, அதையும் சொல்லுங்கள். அந்த 2048 கணக்கைக் கடுமையாக விமர்சித்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரே ஹில்பார்ன். நம் ஊரில் என்றால் இரண்டு அணியாகப் பிரிந்து ஆயுளுக்கும் திட்டிக்கொண்டிருப்பார்கள். இவர்கள் இருவரும் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து தரவுகளை மேசையில் பரப்பி உட்கார்ந்தார்கள். 2009-இல் அதே ‘சயின்ஸ்’ இதழில் கூட்டுக் கட்டுரை வந்தது. நன்கு ஆராயப்பட்ட பத்துக் கடல் பகுதிகளில் ஐந்தில் மீன்பிடி அழுத்தம் குறைந்திருக்கிறது, கட்டுப்பாடுகள் வேலை செய்திருக்கின்றன என்றார்கள். மதிப்பிடப்பட்ட மீன்கூட்டங்களில் (ஒரு கடல் பகுதியில் வாழும் ஓர் இனத்தின் மொத்த மீனும் ஒரு கூட்டம் என்று கணக்கு) 63 சதவீதம் இன்னமும் மீட்டெடுக்கப்பட வேண்டிய நிலையில் இருக்கின்றன என்பதும் அதே கட்டுரையில்தான் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் படகு முதலாளி மேற்கோள் காட்டலாம், இரண்டாம் பாதியை மட்டும் சூழலியலாளர் காட்டலாம். இரண்டையும் ஒரே பிள்ளை வாசிக்க வேண்டும்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். குடைந்து வாசித்தால் அக்கறை நீர்த்துப்போகுமா? அந்தப் பையனை நினைத்துப் பாருங்கள். சார்ட்டில் எழுதியது பிசகு என்று பத்தாம் வகுப்பிலோ காலேஜிலோ அவனுக்கு எப்படியும் தெரியத்தான் போகிறது. அன்றைக்கு அவன் அந்த ஒரு வரியோடு நிறுத்த மாட்டான். டீச்சர் சொன்ன அத்தனையும் கதை என்று மூட்டைகட்டித் தூக்கிப்போடுவான். நல்ல காரியத்துக்காகத் தப்பான கணக்கைக் காப்பாற்றினால், அடிபடுவது அந்த நல்ல காரியம்தான்.

இன்னொன்று. சரியாக வாசிக்காததாலேயே ஒரு கடல் போன கதை இருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. அங்கே காட் மீன்தான் எல்லாம்: சாப்பாடு, காசு, ஊர், பேர். 1968-இல் அந்த வடக்குக் காட் மீன்கூட்டத்திலிருந்து 8,10,000 டன் பிடித்தார்கள், பெரும்பகுதி வெளிநாட்டுக் கப்பல்கள். 1977-இல் கனடா 200 கடல்மைல் எல்லை போட்டு அவர்களை வெளியேற்றியது. அதன் பிறகு சொந்த விசைப்படகுகள் பெருகின. ஒரு மணி நேரம் மடி (இழுவலை) இழுத்தால் எவ்வளவு மீன் விழுகிறது என்ற கணக்கையும் அரசின் ஆய்வுக் கப்பல்கள் எடுத்த கணக்கையும் வைத்துத்தான் விஞ்ஞானிகள் கடலில் உள்ள மீனை மதிப்பிட்டார்கள். படகுகளின் கணக்கு நன்றாகவே இருந்தது. நன்றாக இருந்ததுதான் சிக்கல். காட் குறையக் குறைய மிச்சமிருந்தவை ஓரிடத்தில் கூடின. படகில் எதிரொலிக் கருவி இருந்ததால் கூட்டம் இருக்கும் இடத்துக்கு நேராகப் போய் மடி விட்டார்கள். மீன் அழிந்துகொண்டிருந்தபோதும் ஒரு மணி நேரப் பிடிப்பு இறங்கவில்லை.

கரையோரமாகச் சின்னப் படகில் பொறிவலை போட்டவர்களுக்கு வேறு கதை. மீன் வரத்து குறைகிறது, வருவதும் சிறுத்துப்போகிறது என்று எண்பதுகளின் நடுவிலிருந்தே சொல்லிவந்தார்கள். கேட்பார் இல்லை. 1986-இல் அவர்களுடைய சங்கம் தாங்களே உயிரியலாளர்களை வைத்து அரசு மதிப்பீட்டை மறுபரிசீலனை செய்யவைத்தது. மதிப்பீடு மிகை என்று அந்த அறிக்கை சொன்னது. 1989-இல் அரசு விஞ்ஞானிகளே கணக்கைத் திருத்தி, 1,25,000 டன்னுக்கு மேல் பிடிக்கக்கூடாது என்றார்கள். அமைச்சர் அனுமதித்தது 2,35,000 டன். 1992 ஜூலை 2 அன்று காட் பிடிக்கத் தடை அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேருக்கு ஒரே அடியில் வேலை போனது. இரண்டு வருடத் தடை என்று ஆரம்பித்தது, 32 வருடம் நீண்டது. 2024-இல் தடையை நீக்கியபோது அனுமதித்த அளவு 18,000 டன். 8,10,000-ஐயும் 18,000-ஐயும் கரும்பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டுச் சும்மா நில்லுங்கள், வகுப்பு தானாகப் பேசும்.

உங்கள் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பெரிய படகின் கணக்கும் சின்னப் படகின் கணக்கும் வேறு வேறாக இருப்பது அவர்களுக்குப் புத்தகச் செய்தி கிடையாது. ‘மீனவர்கள் அளவுக்கு மீறி மீன் பிடிப்பதால்’ என்று உங்கள் கட்டுரையில் கட்டாயம் ஒரு வரி இருக்கும், எல்லாக் கட்டுரையிலும் இருக்கிறது. எந்த மீனவர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று ஏன் பிரித்தார்கள்? உங்கள் வகுப்பில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டை மடி வலை தடை செய்யப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும், யார் வீட்டில் இருக்கிறது என்றும் தெரியும். விசைப்படகு இழுத்து வருவதில் இறால் எவ்வளவு, கோழித்தீவனத்துக்குப் போகிற சங்காயம் (விலை போகாத பொடிமீன்) எவ்வளவு என்பதைக் கட்டுரை எழுதியவரைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். அந்தச் சங்காயத்தில் பாதி, இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் விலைக்குப் போகும் மீனின் குஞ்சு என்று யாராவது ஒரு பிள்ளை சொன்னால் நீங்கள் குறுக்கே பேச வேண்டாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. விவாதத்தை யார் அப்பா குற்றவாளி என்கிற இடத்துக்குப் போக விடாதீர்கள். படகுக் கடனும் டீசல் செலவும் தலைக்கு மேல் இருக்கிறவர் மடியைக் கீழே இழுக்காமல் என்ன செய்வார் என்ற கேள்வியும் வகுப்புக்குள் வர வேண்டும். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அனேகமாக இருக்காது. கட்டுரை எதை எழுதாமல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வாசிப்பு, ஒன்பதாம் வகுப்புக்கு அது முடியும்.

வேகமாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு பயிற்சி. ‘உலக மீன்வளத்தில் 90 சதவீதம் தீர்ந்துவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வரியைக் கொடுங்கள். பக்கத்திலேயே ஐநாவின் உணவு வேளாண்மை நிறுவனம் 2021-ஆம் ஆண்டு நிலவரமாகச் சொன்ன கணக்கையும் கொடுங்கள்: அளவுக்கு மீறிப் பிடிக்கப்படும் மீன்கூட்டங்கள் 37.7 சதவீதம், தாங்கக்கூடிய உச்ச அளவில் பிடிக்கப்படுபவை 50.5, அதற்கும் குறைவாகப் பிடிக்கப்படுபவை 11.8. தொண்ணூறு எங்கிருந்து வந்திருக்கும் என்று அவர்களே கூட்டிக் கண்டுபிடிக்கட்டும். அப்புறம் 1974-இல் அந்த 37.7 வெறும் பத்து சதவீதமாக இருந்தது என்பதைச் சொல்லுங்கள். கூட்டல் தப்பு என்று சிரித்துவிட்டு எழுந்து போக முடியாத இடம் அது. ஆனால் எடை போட்டுப் பார்த்தால் கரைக்கு வரும் மீனில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல் தாங்கக்கூடிய அளவில் பிடிக்கப்படும் கூட்டங்களிலிருந்துதான் வருகிறது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. சின்னக் கூட்டமும் ஒன்று, பெரிய கூட்டமும் ஒன்று என்று எண்ணினால் ஒரு விடை, எடை போட்டால் வேறு விடை. இது கணக்கு டீச்சருக்கும் பிடிக்கும், அவரையும் ஒரு பீரியட் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சுவரில் இருக்கும் சார்ட்டைக் கிழிக்க வேண்டாம். எழுதியவர்களையே கூப்பிட்டு, கீழே இடம் இருந்தால், யார் சொன்னது, எந்த வருடம், எதை எண்ணிச் சொன்னது என்று சேர்க்கச் சொல்லுங்கள். இடம் இல்லாவிட்டால் இன்னொரு சார்ட் வாங்கிக் கொடுங்கள். கொச்சி நிறுவனம் ஆண்டுதோறும் மாநிலவாரியாக, மீன்வாரியாகப் பிடிப்புக் கணக்கு வெளியிடுகிறது, அவர்கள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதனால் பரவாயில்லை, தமிழ்நாட்டு அட்டவணை ஒன்றை மட்டும் பிரதி எடுத்தால் போதும். மீன் பெயர்களை உங்கள் ஊர்ப் பெயருக்கு மாற்றும் வேலையை அந்த விசைப்படகு வீட்டுப் பையனிடம் கொடுத்துவிடுங்கள்.