எனியாக் முதல் கேஷ் வரை: கேள்வி பதில்

கேள்வி: சார், உலகின் முதல் கணினி எது? பாபேஜ் செய்ததா, எனியாக்கா?

எதைக் கணினி என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் 1837-இல் வடிவமைத்த எந்திரத்தில் கணக்குப் போடும் பகுதி தனி, எண்களை வைக்கும் பகுதி தனி. இன்றைய சிபியு (கணக்குப் போடும் மையச் செயலகம்), நினைவகம் இரண்டின் சாயலும் அதிலேயே இருக்கிறது. ஆனால் அதை அவரால் கட்டி முடிக்க முடியவில்லை. 1945-இல் அமெரிக்காவில் தயாரான மின்னணுக் கணினி எனியாக்கில், மின்சுவிட்சு போல வேலை செய்யும் வெற்றிடக் குழாய்கள் சுமார் 18,000; எடை 30 டன். ஆனால் வேறு கணக்குக்கு மாற வேண்டுமென்றால் கம்பிகளைப் பிடுங்கி வேறு இடத்தில் செருக வேண்டும். அதற்கே நாள்கணக்கில் ஆகும். என்னைக் கேட்டால், இன்று நாம் கணினி என்று சொல்வதன் கதை 1948 ஜூன் 21 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓடிய மான்செஸ்டர் பேபி என்ற சோதனைக் கணினியிலிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி: பேபியில் அப்படி என்ன விசேஷம்?

எண்கள் இருந்த அதே மின்னணு நினைவகத்தில் நிரலும், அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பும், இருந்தது. கம்பியைத் தொடாமலே வேலையை மாற்றலாம். நினைவகம் மொத்தமே 1,024 பிட், அதாவது 128 பைட்! (ஒரு பிட் என்பது 0 அல்லது 1; எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்.) கூட்டுவதற்குக் கட்டளைகூடக் கிடையாது, கழித்தல் மட்டும்தான். 5-ஐயும் 3-ஐயும் கூட்ட வேண்டுமா? எண்ணை எடுக்கும்போதே குறியை மாற்றித்தான் எடுக்கும். ஆக, கையில் -5. அதிலிருந்து 3-ஐக் கழித்தால் -8. அதை நினைவகத்தில் எழுதி, மறுபடி எடுத்தால் 8. சுற்றி வளைத்த வழிதான், ஆனால் வேலை நடந்துவிடும்.

கேள்வி: பாடத்தில் இதை வான் நியூமன் கட்டமைப்பு என்கிறார்களே?

ஆமாம். எனியாக்குக்கு அடுத்துத் திட்டமிட்ட எட்வாக் கணினிக்கான 1945 அறிக்கையில் கணிதவியலாளர் வான் நியூமன் பெயர் மட்டும் இருந்ததால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. எனியாக்கை வடிவமைத்த எக்கர்ட், மாக்லி இருவருக்கும் அதில் உரிய பங்கு உண்டு. அவர்களை விட்டுவிட்டது அநியாயம்தான்.

கேள்வி: சிபியு 3 கிகாஹெர்ட்ஸ். அப்புறம் எதற்குக் கேஷ்?

3 கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 300 கோடி துடிப்புகள்; ஆக, சிபியுவின் ஒரு துடிப்பு ஒரு நானோ விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. முதன்மை நினைவகமான ரேமிலிருந்து ஒரு தரவு வந்து சேரப் பல பத்து நானோ விநாடிகள் ஆகும். கட்டளையும் தரவும் ஒரே நினைவகத்திலிருந்து வருவதால், வேகமான சிபியு பெரும்பாலும் காத்துக்கொண்டே இருக்கும். அடிக்கடி தேவைப்படுவதைப் பக்கத்திலேயே ஒரு சிறிய, வேகமான நினைவகத்தில் வைப்பதுதான் கேஷ். ஐபிஎம் 1968-லேயே தன் 360 வரிசையின் 85-ஆம் மாடலில் இதைக் கொண்டுவந்துவிட்டது.

கேள்வி: 32 பிட் கணினியில் 4 ஜிபி நினைவகம்தான் என்கிறார்களே, ஏன்?

நினைவகத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு, அதுதான் முகவரி. அந்த முகவரிக்கு 32 பிட் என்றால் 429 கோடிச் சொச்சம் முகவரிகள்தான் அமையும். முகவரிக்கு ஒரு பைட் என்றால் 429 கோடிச் சொச்சம் பைட், அதுதான் 4 ஜிபி. கணக்கு சரியாகிவிடுகிறது.

கேள்வி: ரேம் கூட்டினால் வேகம் கூடுமா?

இருக்கும் ரேம் போதாமல் டிஸ்க்கை நாடிக்கொண்டிருந்தால் கூடும். பாதி ரேம் சும்மா கிடந்தால், காசை மிச்சம் பிடியுங்கள்.